முன் சில்லு

பெரியகல்லாற்றில் இரும்புக்கு
இரண்டு பக்கமும் பகை.
கிழக்கே கடல், மேற்கே வாவி,
நடுவில் எங்கள் கோழிக்கூட்டுக்குப் பின்னால்
ஐந்து மாரி நனைந்த ஒரு சின்னச் சைக்கிள்.

வதனியிடம் கேட்டுத்தான் எடுத்தேன்.
'எடுங்க' என்றாள்
வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.
தக்சியிடம் கேட்கவில்லை.
என்னைக் கூப்பிட அவளிடம் ஒரு சொல் இல்லை,
எட்டு மாதமாய்.
'சோறு போட்டாச்சாம்' என்பாள்
கதவு நிலையைப் பார்த்து.
நான் எழும்பிப் போவேன்.

சனிக்கிழமை. ஐஸ் லொறிக்கு ஓட்டமில்லை.
சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி
அச்சில் சுற்றியிருந்த நைலோன் நூலை
பிளேட்டால் அறுத்தேன்.
ஹாண்டில் குழாய்க்குள் எறும்புகள் குடியிருந்தன.
தட்டியதும் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு
என்னை ஏசியபடியே வெளிக்கிட்டன.
சிரட்டையில் மண்ணெண்ணெய், அதற்குள் செயின்.
தேய்க்க என் பல் பிரஷ்.
பழையதென்று சொல்ல முடியாது,
கையில் அகப்பட்டது அதுதான்.

முன் சில்லைக் கழற்றி
மீன் ரின் மூடியில் குண்டுகளை எண்ணினேன்.
பக்கத்துக்குப் பத்து வரவேண்டும்.
ஒரு பக்கம் ஒன்பது.
'ஒரு குண்டைக் காணல்ல!'
சத்தமாய்ச் சொல்லிவிட்டேன்.
வேலிக்கு வெளியே போன தவராசா அண்ணன்
ஒரு கணம் நின்று,
பிறகு சிரித்துக்கொண்டு நடந்தார்.
ஒரு காலத்தில் இந்தச் சொல்லுக்கு
முழுத் தெருவும் குப்புறப் படுத்திருக்கும்.

மணலை அரித்தேன். சாக்கை உதறினேன்.
பின்னேரம் ஆகிற நேரம்
ஒரு சின்னக் கை நீண்டது.
உள்ளங்கையில் குண்டு,
குண்டில் கோழி எச்சம்.
'விழுங்கப் பார்த்த' என்றாள்.
என்னிடம் சொன்னாளா,
கோழியைப் பற்றி முறையிட்டாளா,
தெரியவில்லை.
துடைத்து, கிரீஸ் பூசி, பத்தாவதாய் வைத்தேன்.
அவள் போகவில்லை.

செயின் கவரில் துருவைச் சுரண்டும்போது
வெள்ளை எழுத்து வந்தது.
'தக்சி.'
அடுத்த 'கா'வைக் கடற்காற்று தின்றிருந்தது.
சி-யின் மேல்வளைவை
மீன் வால்போல் சுழித்திருந்தார்,
நிதானமான கை.
வாங்கும்போது இவளுக்கு மூன்று வயதாம்.
வளர்ந்து ஓடுவாள் என்றாராம்.
அவர் போன கதையில் பாதிதான்
வதனி சொல்லியிருக்கிறாள்.
மிச்சப் பாதியை நான் கேட்டதில்லை.

'பேரை அழிக்கப் போறீங்களா?'
எட்டு மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட
முதல் கேள்வி.
'இல்ல.'

சிவப்புப் பெயின்ற் ரின்னைத் திறந்தேன்.
எழுத்தைச் சுற்றி
மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசினேன்.
பன்னிரண்டு டயர் லொறியை
ஒழுங்கைக்குள் பின்னுக்கு எடுப்பதுபோல் இருந்தது.
'கா போடுங்க' என்றாள்.
'எனக்கு இந்த எழுத்து வராது.'

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.
உள்ளே ஓடிப்போய்
பள்ளிக்கூடப் பையிலிருந்து டிப்பெக்ஸ் எடுத்து வந்தாள்.
நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.
க குந்தியிருந்தது,
கால் மட்டும் நிலத்துக்கு இறங்கப் பார்த்தது.
ஒரு பேரில் இரண்டு கையெழுத்து,
சுற்றிவர என் சிவப்பு.

'காயட்டும்' என்றேன்.
காயவிடவில்லை.
கடற்கரை வீதிப் பக்கம் மணிச்சத்தம் போனது,
மதவடியில் நின்றது.
தள்ளிக்கொண்டு வந்தாள்,
முழங்காலில் பாதி இரத்தம் பாதி பெயின்ற்.
'செயின் கழண்டுட்டு.'
கதவு நிலையைப் பார்த்துச் சொல்லவில்லை.

வதனி அகப்பையோடு வந்தாள்.
'ரெண்டு பேருக்கும் அறிவில்லையா?
நேற்று எடுத்த சட்டை!'
அந்த ஏச்சில் எனக்கும் ஒரு பங்கு விழுந்தது,
சரி பாதி.

ஒன்றும் பேசாமல்
சைக்கிளைத் திரும்பவும் தலைகீழாக்கினேன்.
நான் செயினைத் தேட,
அவள் ஒரு விரலால் முன் சில்லைத் தட்டிவிட்டாள்.
சத்தமே இல்லை.
சுற்றிக்கொண்டே இருந்தது.