பதினோரு படிகள்

பூதத்தின் கோட்டைக்குச் சாய்தளம் வரைந்தேன்,
கட்டம் போட்ட தாளில், பென்சிலைக் கூராக்கி.
தொங்குபாலத்துக்கு ஒன்று. கல்லறைக்குள் இறங்க
வளைந்து வளைந்து இன்னொன்று.
போக்னாவுக்குப் பிடிக்கும் என்றிருந்தேன்.

வூச் நகரம், ஜனவரி, வியாழன் இரவு.
நாங்கள் ஆடும் கடை நிலவறையில்.
பதினோரு படிகள்.
யாரெமா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்
நாற்காலியோடு தூக்கி இறக்குவோம்.
"உருளைக்கிழங்கு மூட்டை வந்தாச்சு" என்பாள் அவளே.
சிரிக்கலாமா எனத் தெரியாமல் மூச்சுவாங்குவோம்.

வரைபடத்தை வெகுநேரம் பார்த்தாள்.
"பூதம் இதை யாருக்காகக் கட்டிற்று?"
"உனக்கு… ஸ்ரோக்காவுக்கு."
"ஸ்ரோக்கா சுவரேறித் திருடுகிறவள்.
இரண்டு காலும் இருக்கிறது. தாளைப் படிக்கவில்லையா?"

படித்திருந்தேன்,
அவளைப் பார்த்துக்கொண்டே.

யாரெமாவின் மாலுமிக்கு ஒரே கை.
கயிறேற நான்கு புள்ளி குறைத்தேன்.
"குறைக்காதே" என்றாள்.
"பத்து வருஷமாக ஒரு கையோடு கப்பலில் இருக்கிறான்.
பல்லால் பிடிப்பான். நீ போனால்தான் விழுவாய்."

ஸ்ரோக்கா ஏறினாள். பகடையில் மூன்று.
அகழியில் விழுந்தாள், சேறு கழுத்துவரை.
"மறுபடி" என்றாள் போக்னா, பகடையை ஊதி.

கடை மூடும் நேரம் தாளைத் திருப்பி
நிஜப் படிகளைக் கணக்குப் போட்டேன்.
அளவுநாடா இல்லை; யாரெமாவின் செருப்புதான்.
சாய்தளம் வாசல் தாண்டி, நடைபாதை தாண்டி,
டிராம் தண்டவாளம் வரை போயிற்று.

"அப்போ டிராமே நேரே உள்ளே வரட்டும்"
என்றாள், கையுறையை மாட்டிக்கொண்டு.