சாம்பல் நிறம்

டகோமா நகரம். இரவு மணி இரண்டு.
ஒரு தடத்தை அடைத்து
ஆரஞ்சுக் கூம்புகளை நிறுத்தியாயிற்று.
தூக்குமேடையில் நானும் ஃபலெயோலோவும்
பதினேழாம் தூணின் தோளுக்கு ஏறுகிறோம்.

முதலில் மெழுகு பூசினார்கள், சுடுநீரில் கழுவிவிடலாமென்று.
பிறகு முள்சுருள்.
பிறகு அடியில் கொடி நட்டார்கள்;
கொடியைப் பிடித்தே ஏறினான்.

மூன்றே எழுத்து, ஆளுயரம்.
அவன் எழுதுவான், நாங்கள் மூடுவோம்.
மூடியதன்மேல் மூடி
தூணெங்கும் சாம்பல் சதுரங்கள்,
ஒன்றோடொன்று ஒட்டாமல்.

இன்று பெயர் இல்லை.
நேற்று நான் பூசிய சதுரத்தின் நடுவே
கறுப்பில், சின்னதாக:
'போன வாரச் சாம்பல் இது இல்லை.'

ஃபலெயோலோ சிரித்ததில் மேடை ஆடியது.
விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்தேன்.
வாஸ்தவம்தான். நீலம் கொஞ்சம் தூக்கல்.
கிடங்கில் டப்பாவை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்;
மேற்பார்வையாளர் ஹென்ரிக்சன்கூடக் கவனிக்கவில்லை.

படிவத்தில் 'புகார் அளித்தவர்' என்றொரு கட்டம்.
பேனா அதன்மேல் நெடுநேரம் நின்றது.
பொதுமக்களில் ஒருவர்
என்று எழுதினேன்.

தூறல் பிடித்துக்கொண்டது.
மழையில் பெயிண்ட் நிற்காது.
இறங்கிவிட்டோம்.
அந்த வரியை
இன்றிரவு லாரிகள் வாசித்துப் போகும்.