நூற்று அறுபத்து மூன்று

நூறு மீட்டர் என்றுதான் கேபிள் பெட்டியில் அச்சடித்திருக்கிறது.
மூக்கையூரில் ஏலக்கூடத்து அலுவலகத்திலிருந்து
ஐஸ் ஆலை எடைமேடை வரைக்கும்
நூற்று அறுபத்து மூன்று.
டேப் பிடித்து நான் அளந்தது.
சங்கச் செயலாளர் சவரியான் நடந்து அளந்தார்:
"இந்தா, நாலு எட்டு. இழுங்க தம்பி."

இழுத்தேன்.
டெஸ்டரில் எட்டுப் பச்சையும் வரிசையாய் எரிந்தது.
சவரியான் கலர் வாங்கிக் கொடுத்தார்.

நூறு தாண்டியதும் அறுந்துவிழுந்தால்
புரியவைப்பது சுலபம்.
இது அப்படியில்லை.
காலையில் பேசும்.
வெயில் ஏறினால் ஒரு சொல்லை விடும்,
விட்டதைத் திரும்பக் கேட்கும்,
கேட்டதையே மறுபடி கேட்கும்,
உச்சியில்
அங்கே தராசில் நாற்பது கிலோ பாறை மீன்
இங்கே திரையில் சுற்றும் வட்டம்.
உப்புக்காற்று என்றார்கள்,
வயர் மட்டம் என்றார்கள்,
என்னையும் ஒன்றிரண்டு சொன்னார்கள்.

நடுவில் ஒரு ஸ்விட்ச் வைக்கவேண்டும்.
நடு என்பது எண்பத்தொன்றரை.
அந்த இடத்தில் கம்பமில்லை, சுவரில்லை,
ஜெசிந்தாவின் பாசிக் கொட்டகை இருந்தது:
மரிக்கொழுந்து ஏழு சாக்கு, கஞ்சிப்பாசி மூன்று,
ஒரு குண்டு பல்பு,
அதன் கீழே காலியாய் ஒரு பிளக்.

"என்ன செய்யும் இந்தப் பொட்டி?"

அந்தப் பக்கமிருந்து களைத்து வருகிற சொல்லை வாங்கி
முதலில் கிளம்பிய தெம்போடு
இந்தப் பக்கம் சொல்லும் என்றேன்.

"கூட்டாம, குறைக்காம?"

அப்படியே.

"அப்ப சகுபர மாதிரி இல்ல"
என்று சொல்லிச் சிரித்தாள்.

போன வருசம் ரீகன் போட்டில் பெல்ட் அறுந்துவிட்டது.
இருந்த தூரத்துக்கு வாக்கி கரைக்கு எட்டவில்லை.
இடையில் நின்றது ஏர்வாடி சகுபர் போட்டு.
ரீகன் அவனிடம் சொன்னான், அவன் கரைக்குச் சொன்னான்:
"பெல்ட்டு போச்சு. நாளைக்குத்தான் வருவாங்க."
அவ்வளவுதான் வந்தது.
இவள் விடியவிடிய மணலில் உட்கார்ந்திருந்தாள்,
பச்சைத் தண்ணி பல்லில் படாமல்.

மறுநாள் மத்தியானம் வந்து இறங்கினவன்
கோபித்துக்கொண்டான்:
"சாப்ட்டுத் தூங்குன்னு சொல்லிவிட்டேன்ல?"
"எவன் சொன்னான்?"

சகுபரைப் பிடித்துக் கேட்டதற்கு,
"அது வீட்டுப் பேச்சு, எல்லாச் சேனலும் கேட்குமே,
வெக்கமா இருந்துச்சு, விட்டுட்டேன்" என்றானாம்.

ஸ்விட்சைத் தூணில் அறைந்தேன்.
கரண்டுக்கு மாசம் ஐம்பது என்றது சங்கம்.
எழுபத்தைந்து என்றாள் அவள்.
எழுபத்தைந்து.
அன்றைக்கு உச்சி வெயிலில்
ஐஸ் ஆலையின் எடை
கிராம் பிசகாமல் வந்து விழுந்தது.
சவரியான் இந்த முறை கலர் வாங்கித் தரவில்லை.

சாயங்காலம் ஏழு மணிக்கு போன்.
மறுநாளும் ஏழு.
மூன்றாம் நாள் சாயல்குடியிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு
ஆறரைக்கே போய் நின்றேன்.
ஜெசிந்தா சாக்குகளைக் கட்டினாள்,
தார்ப்பாயை இழுத்து மூடினாள்,
பல்பை அணைத்தாள்,
அதே கையோடு பிளக்கையும்.

"ஆளில்லாத எடத்துல எதுக்கு வெட்டியா எரியணும்?"

நான் விளக்கத் தொடங்கினேன்,
பாக்கெட், போர்ட், இரவு லோடு.
பாதியில் கை காட்டி நிறுத்தினாள்.
"ராத்திரியும் பேசுதா அது?"

ஆமாம்.

அவள் நண்டுக்கூடை ஒன்றைக் கவிழ்த்து
உப்பு படாமல் பெட்டிக்கு மூடி வைத்தாள்.
அடுப்புக் கரித்துண்டு எடுத்து
பிளக்குக்கு மேலே பலகையில் எழுதினாள்,
எழுத்துப்பிழையோடு:

பேசிக்கிட்டு இறுக்கு.
அணைக்காத.

அதன் கீழே, கொஞ்சம் யோசித்து,
சகுபருக்கும் தான்.