வாத்து அடைகாக்கும் இடம்

என் பெயர் தாம். எட்டு என்று பொருள்.
ஆனால் நான் ஏழாவது பிள்ளை.
மேகாங் கழிமுகத்தின் இந்தத் தென்கோடியில்
மூத்ததையே ‘இரண்டு’ என்றுதான் அழைப்போம்.
ஒன்றை யாருக்கும் கொடுப்பதில்லை.
ஏனென்று கேட்டால் ஆளுக்கொரு கதை.

வின் சௌ மணல்மேடுகளில்
நான் இறக்கிய குழாய்க்கிணறு நூற்றுப் பதினான்கு.
சின்ன வெங்காயம் காலையும் மாலையும் நீர் கேட்கும்.
கடல் கூப்பிடு தூரத்தில்.
கோடை வந்தால் வாய்க்காலும் கரிக்கும்.
என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

மேல் ஊற்றில் பாஷாணம் என்று
மாகாணத்து ஆட்கள் வந்து சொல்லிப் போன வருடம்
என் வண்டி இரவிலும் நிற்கவில்லை.
ஆழமாகப் போடுவோம் என்றேன்.
நூறு மீட்டருக்குக் கீழே இருப்பது
மனிதன் கைபடாத தண்ணீர் என்றேன்.
விற்கிறவன் வாய்தான்.
ஆனாலும் நம்பினேன்.
என் மகளுக்கு அதில்தான் பால் கரைத்தேன்.

தாக் சரேய் வீட்டுக் கிணறு எழுபத்தொன்றாவது.
இரும்புக் குழாயின் கழுத்தில்
நானே ஊற்றிய சிமெண்ட் மேடை,
தரையோடு தரையாக.
மறு வருடம் அதன் அடியில் கத்தி நுழைந்தது.
பிறகு செருப்பு.
பிறகு சரேயின் கடைசிப் பையன்
பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஒளித்துவைத்த பை.
“குழாய் வளர்கிறதே, உரம் ஏதும் வைத்தாயா?”
என்று சிரித்தாள்.
எட்டவில்லை என்று ஒரு செங்கல் போட்டாள்.
மூன்றாம் வருடம் இன்னொன்று.

இரும்பு எங்கே வளரும்?
அது நின்ற இடத்தில் நிற்கிறது.
வீடு, வெங்காயப் பாத்தி, புத்தர் கோயில் மதில்,
சரேய், நான்,
அளவெடுக்க நட்ட கல்கூட
சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கிறோம்.

ஆய்வுக்கூடத்திலிருந்து நியென் வந்தாள்,
கையில் குப்பிகள், காலில் கடன் வாங்கிய பூட்ஸ்.
மணலுக்கும் மணலுக்கும் நடுவே களி இருக்கிறது,
நீங்கள் மணலில் உறிஞ்சினீர்கள்,
களி நசுங்கித் தன் தண்ணீரைக் கொடுத்தது,
கூடவே அது பூட்டிவைத்திருந்ததையும் என்றாள்.
ஈரத்துணி பிழிகிற மாதிரியா என்று கேட்டேன்.
துணியை உதறினால் விரியும் மாமா,
இது விரியாது.

பத்து இருக்கலாம் என்ற இடத்தில்
அறுபத்திரண்டு எழுதியிருந்தது.
என் எழுபத்தொன்றாவது.

சரேயின் உள்ளங்கையில்
தொட்டால் நெல்மணி போல் கடினம்.
அவள் கணவன் சட்டையைக் கழற்றினான்.
முதுகெங்கும்
புழுதியில் முதல் தூறல் விழுந்த அடையாளம்.
மழை வர இன்னும் மூன்று மாதம்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.
அரிசி டப்பாவிலிருந்து நோட்டுகளை எடுத்து எண்ணினாள்.
“இதை மூடிவிடு.
இன்னும் ஆழமாக ஒன்று போடு.
புத்தாண்டுச் சந்தைக்கு வெங்காயம் வேண்டும்.”
அதற்குக் கீழும் களிதான் அக்கா
என்று சொல்ல வந்தேன்.
நோட்டு கைக்கு வந்துவிட்டது.
வண்டிக்குத் தவணை பாக்கி.

சம்மட்டியோடு மேடையை உடைக்கப் போனேன்.
அடியில், இருட்டில்,
ஒரு சீறல்.
முழங்கால் போட்டுப் பார்த்தேன்.
வாத்து. ஒன்பது முட்டை.
கழுத்தை நீட்டி என் விரலைக் கொத்தியது.

சரேய் வந்து பக்கத்தில் குந்தினாள்.
“நேற்றுதான் அடைக்கு உட்கார்ந்தது.
இருபத்தெட்டு நாள்.”
பிறகு, யோசித்து,
“இருக்கட்டும்” என்றாள்.

இன்று ஆறாவது நாள்.
பணம் இன்னும் என் சட்டைப்பையில், செலவழிக்கவில்லை.
குடிக்க, கேனில் விலைத் தண்ணீர்.
வெங்காயத்துக்கு அதே மோட்டார்தான்,
விடியலில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம்.
அது ஓடும்போது மேடை அதிர்கிறது.
வாத்து எழுவதில்லை.
தினமும் வந்து தரைக்கும் சிமெண்டுக்கும் நடுவே
கையை விட்டுப் பார்க்கிறேன்.
ஒரு சாண்.
கொஞ்சம் கூட.