சீல் தெளிவில்லை

மூன்றாவது பார்மசியிலும்
முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார்கள்.
துண்டைப் பிறகு.

"ஆருக்கு?"
எனக்குத்தான்.
"ஆள் வரேல்லையா?"
நான்தான் ஆள்.

போன மாதம் சோட்டியோடு வந்தேன்,
கை உயர்த்தித் தலை இழுக்க முடியாத நாள்.
குளிசைக்குப் பழகினவள் என்று நினைத்தார்கள்.
இந்த மாதம் மயில்நீலச் சேலை, மடிப்புக் கலையாமல்.
நோயாளி என்று நம்புகிறார்களில்லை.
நோவுக்கு எதை உடுத்துவதென்று
கிளினிக் கொப்பியில் ஓரிடமும் எழுதியில்லை.

விடிய நாலரைக்கு நிலாவெளியில் பஸ்.
சாம்பல்தீவுப் பாலம் தன் பொருத்துகளை எல்லாம்
என் முள்ளந்தண்டில் எண்ணிப் பார்த்தது.
ஆஸ்பத்திரியில் நம்பர் அறுபத்தொன்று.
டொக்டர் எழுதினார், சீல் குத்தினார்.
மருந்து யன்னலில் ஒரு கை மட்டும் தெரிந்தது:
"ஸ்டொக் இல்லை. வெளியில வாங்குங்கோ."

வெளி என்பது இதுதான்.

முதல் கடைக்காரன் இல்லை என்றான்.
இல்லாதவன் அலுமாரியைப் பார்த்துவிட்டுச் சொல்வான்.
இவன் பக்கத்தில் நின்றவனைப் பார்த்துச் சொன்னான்.
இரண்டாவது கடைக் கண்ணாடியில் ஒரு தாள்:
அந்தக் குளிசை இங்கே விற்பதில்லை.
பெயர் போடவில்லை. 'அந்த'.
செத்தவீட்டில்
தூக்குப்போட்டவனைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

நிஸ்மி நல்ல பிள்ளைதான்.
ஒரு வாங்கை இழுத்துப் போட்டான்.
கள்ளத் துண்டோடு பொடியன்மார் வந்ததும்
பொலிஸ் கொப்பியைக் கொண்டுபோனதும்
கடை இரண்டு நாள் பூட்டிக் கிடந்ததும் சொன்னான்.
"குறை நினைக்காதீங்க அக்கா. சீல் தெளிவில்ல.
டொக்டர்ட நம்பர்ல கடைசி
எட்டா, மூணா?"

எட்டுக்கும் மூன்றுக்கும் நடுவே
ஒரு கிலோமீட்டர், மத்தியான வெயில்.
மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஒரு மான்
பிஸ்கட் பெட்டி மட்டையைச் சவைத்துக்கொண்டிருந்தது.
அதை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

டொக்டர் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.
இரண்டேகால்வரை சுவரோடு சாய்ந்து நின்றேன்;
இருந்தால் எழும்ப இன்னொருவர் வேண்டும்.
தாதி மறுபடி குத்தினாள், மேசை அதிர.
எட்டு.

நிஸ்மி சிவப்புக்கோட்டுக் கொப்பியை எடுத்தான்.
பெயர், அடையாள அட்டை, எத்தனை.
முப்பது எழுதியிருந்தது. பதினாலுதான் இருக்கிறதாம்.
"மிச்சம் வந்தா கோல் எடுக்கிறன்."
என் நம்பரை அவன் கேட்கவில்லை.

கையெழுத்துப் போட அவன் கொப்பியைத் திருப்பமுன்
தலைகீழாய் வாசித்தேன்,
எனக்கு மூன்று வரி மேலே:
பெ. அருட்பிரகாசம். அறுபது.

எங்கள் கந்தோர்க் கணக்காளர்.
என் லீவுத் துண்டை ஒவ்வொருமுறையும் நீட்டிப் பிடித்து,
"நாரி நோவெல்லாம் ஒரு வருத்தமே?" என்று
மற்ற மேசைகளுக்கும் கேட்கச் சொல்பவர்.
கூட்டங்களில் அவர் கதிரையில் இருந்ததே இல்லை.
யன்னல் கட்டையைப் பிடித்தபடி நிற்பார்.
பதவித் திமிர் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.
நானும்தான்.

நிஸ்மி உள்ளங்கையால் அந்த வரிகளை மறைத்தான்.
நான் பார்க்காத மாதிரிக் கையெழுத்துப் போட்டேன்.

நாளைக்குத் துண்டை நீட்டும்போது
காரணம் என்ற இடத்தில்
வழமைபோலச் 'சொந்த அலுவல்' என்றே எழுதுவேன்.
அவர் என்ன சொல்வாரோ சொல்லட்டும்.
கையைப் பார்ப்பேன், எதைப் பிடித்திருக்கிறதென்று.

பஸ்ஸில் கணக்குப் பார்த்தேன்.
பதினாலை அரைஅரையாய் உடைத்தால் இருபத்தெட்டு.
மாதத்தில் இரண்டு நாள் வெறும் நாள்.
எந்த இரண்டு என்பதை நான்தான் எடுக்கவேண்டும்.
ஒன்று ஞாயிறு.
மற்றது,
உப்புவெளி தாண்டியும்
கிடைக்கவில்லை.