நூற்றைம்பது எழுத்துகளுக்கு மிகாமல்

நாற்பத்திரண்டு கேள்விகள்,
படிவம் ஒன்றுக்கு முப்பத்தைந்து ரூபாய்.
மண்டல அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு
டேப்லெட்டை வாங்கிக்கொண்டு
திருவொற்றியூரில் இறங்கினபோது
துறைமுகத்துக்குள் தலையை நுழைக்கப் பார்த்து
கண்டெய்னர் லாரிகள்
கண்ணுக்கெட்டும்வரை வால் விட்டிருந்தன.
மணலிப் பக்கமிருந்து காற்று.
(அதற்குத் தனிக் கேள்வி இருக்கிறது. இருபத்தாறு.)

முதலில் பஞ்சர் கடை, நாகூர் மீரான்.
சாலையின் தரம், ஒன்றிலிருந்து ஐந்துக்குள்?
"ஒண்ணு போடு. முட்டை போட முடியும்னா அதப் போடு.
ஆனா சரி பண்ணச் சொல்லி மட்டும் எழுதிடாதமா.
அந்தா, அந்தப் பள்ளம்,
போன மாசம் பதினோரு டயர் அனுப்சிக்கீது.
பையனுக்கு ஃபீஸு கட்டினது அதுதான்."
பள்ளத்தை எங்கே சேர்ப்பது?
உள்கட்டமைப்பிலா, வேலைவாய்ப்பிலா?
இரண்டையும் தொட்டால்
சிவப்பில் பிழை காட்டுகிறது.

பவுனம்மாவின் டிபன் கடைக்குத் தரை
மழைநீர் வடிகாலுக்கு வந்திறங்கிய
சிமென்ட் பலகைகளின் அடுக்கு.
"மூணு தபா தோண்டினாங்க.
மொதல்ல மழ வந்துச்சு. அப்பால எலெக்சன் வந்துச்சு.
மூணாவது தபா கான்ட்ராக்டருக்குப் பில்லு வரல."
நாலு பலகை உயரத்தில் அடுப்பு,
இரண்டு பலகை உயரத்தில் டிரைவர்கள்.
வடிகால் முடிந்தால் கடை இல்லை.
வடிகால் முடியாவிட்டால்
நவம்பரில் கடை இல்லை.
வருமானம்: உயர்ந்தது, குறைந்தது, மாற்றமில்லை?
தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னாள்:
"நீயே பாத்து ஒண்ண அமுக்கிக்கோ."

சந்துக்குள் ஒரே அறையில் பன்னிரண்டு பேர்,
ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு.
யார்டில் பெட்டிக்கு லாக் போடும் வேலை, இரவு ஷிப்ட்.
கதவைத் திறந்த சந்தோஷ் மாஜி
தூக்கத்தோடு சிரித்தான்.
ஐந்தாண்டுகளுக்கு மேல் இங்கு வசிக்கிறீர்களா?
இல்லை என்று அழுத்தினேன்.
'நேர்காணல் முடிந்தது. நன்றி.'
பாதித் தெருவின் வாடகை
அந்தக் கதவுக்குப் பின்னால் மறுபடி தூங்கப் போனது.

மதியம், நடைபாதை வியாபாரிகள் வளாகம்.
அறுபத்து நான்கு கடைகள். திட்டம் நிறைவு,
நிதி முழுதும் செலவு,
பெயர்ப்பலகையில் பெயின்ட் இன்னும் பளபளப்பு.
பேருந்து நிற்காத இடம்.
பதினேழாம் எண் கடையில் நாய் குட்டி போட்டிருந்தது.
வராந்தாவில் யாரோ வாளையைக் காயவைத்திருந்தார்கள்.
"என்ன எழுதிக்கோங்க" என்றார் வாட்ச்மேன் முனிரத்தினம்,
"எனக்கு இதால வேல கெடச்சுதே."
பயனாளிகள்: 1
ஏற்கவில்லை.
குறைந்தபட்சம் பத்து என்றது.
நாய்க்குட்டிகளை எண்ணிப் பார்த்தேன், ஐந்துதான்.

சாயங்காலம் பொறியாளர் நல்ல செய்தி சொன்னார்.
போன வருஷம் அறுபத்து நாலு மதிப்பெண்,
இந்த வருஷம் எழுபத்தொன்று வரும்போல.
எப்படி சார், இன்னும் எண்பது படிவம் பாக்கியே என்றேன்.
டீ சொல்லவா என்று கேட்டார்.
மூன்று மாதப் பாக்கியைப் பற்றி
நான் கேட்க நினைத்து
டீயைக் குடித்தேன்.

எர்ணாவூரில் எங்கள் தெரு
இரண்டு வார்டுகளுக்கு நடுவில் ஓடுகிறது.
அந்தப் பக்கத்துக்காரர்கள் இந்தப் பக்கம் என்றும்
இந்தப் பக்கத்துக்காரர்கள் அந்தப் பக்கம் என்றும் சொல்ல,
தண்ணி லாரி
மட்டும் இரண்டு பக்கமும் வராமல் சமமாக நடந்துகொள்கிறது.
என்னிடம் இதுவரை யாரும்
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எதுவும் கேட்டதில்லை.

கடைசிக் கட்டம்:
களப்பணியாளர் குறிப்பு, நூற்றைம்பது எழுத்துகளுக்கு மிகாமல்.
சாலையோரம் நின்றபடி எழுதினேன்:
'பள்ளத்தை மூடுவதானால்
முந்தின நாளே மீரானிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடவும்.'
பேட்டரி நான்கு சதவீதம்.
சமர்ப்பி.
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
லாரிகள்
ஒரு லாரி நீளம்
முன்னேறி நின்றன.