குத்தூசி

கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு, ஆடி.
சாரல் விடாத ஏழாம் நாள்.
பிரானூர் எல்லைக்கல்லின் மேல்
தலை சங்கு பொறித்த பக்கமும்
கால் வெள்ளைக்காரன் பக்கமுமாக
ஒருத்தி கிடந்தாள்.

“தலை கிடக்கிற சீமைக்குத்தான் பிணம்”
என்றார் தென்காசி ஏட்டு தேவசகாயம்.
“கால் எங்கிருந்து நடந்து வந்ததோ அங்கே”
என்றார் எங்கள் பாச்சுப் பிள்ளை.
பேசிக்கொண்டே
ஒருவர் செல்லத்தில் மற்றவர் வெற்றிலை எடுத்தார்கள்.
நான் ரைட்டர்.
குடைக்கடியில் குனிந்து
மை கரையாமல் பார்த்துக்கொண்டேன்.

பெயர் உச்சினி.
புருஷன் பர்மாவிலிருந்து நடந்து வருவதாக
இரண்டு வருஷமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தவள்.
முந்தானை முடிச்சில் சக்கரம் ஏழு, காலணா ஒன்று.
இரண்டு ராஜாங்கத்துக்கும் கடன் வைக்காத முடிச்சு.
நிறைமாதம் என்று எழுதினேன்.

செங்கோட்டை ஆஸ்பத்திரி மேசையில்
கம்பவுண்டர் சேலையை விலக்கினார்.
வயிற்றைச் சுற்றி மல் துணி,
துணிக்குள் நாலு படி அரிசி,
மழையில் ஊறி, புடைத்து, வெதுவெதுப்பாக.
அதற்கடியில் வயிறு
முதுகோடு ஒட்டிக் கிடந்தது.
நிறைமாதத்தை அடித்தேன்.
அடித்த இடத்தில் காகிதம் கிழிந்தது.

காயம் ஒன்றே ஒன்று.
தொப்புளுக்கு நாலு விரல் மேலே,
சுண்டுவிரல் நுழையும் வட்டம்.
உள்ளே, சதைக்குள்,
வரிசை பிடித்தாற்போல் ஒன்பது அரிசி.
“எந்தக் கத்தி அரிசியை உள்ளே கொண்டுபோகும்?”
கம்பவுண்டர் என்னைக் கேட்கவில்லை,
விளக்கைக் கேட்டார்.

எனக்குத் தெரிந்தது.
சவுக்கை வாசலில் ஆணியில் தொங்கும்
நீளமாய், கூராய், நடுவில் பள்ளமாய்.
மூட்டையில் செருகி உருவினால்
உள்ளே என்ன இருக்கிறதென்று
உள்ளங்கையில் கொட்டிச் சொல்லும்.

சாயங்காலம் போனேன்.
சவுக்கைச் சிப்பந்தி நாணு
ஆணிக்குக் கீழே உட்கார்ந்து
கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தான்.
ஆணி காலி.
“அரிசியா பிள்ளையா என்று கேட்டேன், சார்.
பிள்ளை என்றாள்.
போன வாரமும் பிள்ளை என்றாள்.
சும்மா பார்த்தேன்.”

பாச்சுப் பிள்ளை வெகுநேரம் யோசித்தார்.
சவுக்கை சர்க்காருடையது.
ஊசி சர்க்காருடையது.
நாணுவும் சர்க்கார் சம்பளம்.
“பன்றிக் கொம்பு என்று எழுதும், ஓய்.
மலையோரத்தில் பன்றிக்கா பஞ்சம்?”

எழுதினேன்.
என் கையெழுத்து அழகென்று
நீதிமன்றத்தில் ஒரு தடவை சொல்லியிருக்கிறார்கள்.

தொண்டி: அரிசி, இரண்டு படி.
மற்ற இரண்டு படியை
அன்று ராத்திரி ஸ்டேஷன் பின்கட்டில்
ஏழு தண்ணீர் விட்டுக் களைந்தார்கள்.
எட்டாவது தண்ணீர் என்ன நிறம் என்று
களைந்தவன் சொல்லவில்லை,
நாங்களும் கேட்கவில்லை.
மூன்று மாதம் மரச்சீனி தின்ற வாய்கள்.
தேவசகாயமும் எல்லை தாண்டி வந்திருந்தார்,
ஒரு துண்டு கருவாட்டோடு.
உப்பு சரியாக இருக்கிறதென்று
நான்தான் சொன்னேன்.

பதின்மூன்று வருஷம் கழித்து
எல்லை மலைமேல் ஏறிப்போனது.
செங்கோட்டை இந்தப் பக்கம் வந்தது.
சங்குக்கல்லைப் பிடுங்கி
யாரோ கொல்லையில் துணி துவைத்தார்கள்.
கட்டுக் கட்டாய்க் கோப்புகள் கைமாறியபோது
உச்சினியை ஒரு தடவை தேடினேன்.
கரையான் பாதி, நான் எழுதியது பாதி.

இப்போதும் அரிசிக் கடையில்
பையன் மூட்டையில் ஊசி செருகி உருவி
“பாருங்க சார், புது அரிசி” என்று
கையை நீட்டுகிறான்.
நான் முதலில்
ஊசியின் நுனியைப் பார்க்கிறேன்.